மூன்று வண்ணங்களில் ஒரு வாசல்



நம் முன்னோர் வீடு கட்டத் தொடங்கினால் முதலில் கவனம் செலுத்தியது வாசல் நிலைக்கே. சுவருக்குச் செங்கல்லோ மண்ணோ எது கிடைத்தாலும் போதும் என்றிருந்தவர்கள்கூட, நிலைக்கும் கதவுக்கும் நல்ல மரம் தேடி அலைந்தார்கள். அந்தக் கதவின் வழியாகத்தான் மணமகள் வந்தாள்; அதன் வழியாகத்தான் ஜனாஸாவும் போயிற்று. வெளிநாடு சென்ற மகன் திரும்பி வந்து தட்டியதும் அதே கதவைத்தான். ஆயினும் அன்றாடம் பத்து முறை கடந்து செல்லும் நம் வீட்டு வாசலில் எத்தனை பலகைகள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம், நிலையின் மேற்கட்டையில் என்ன பூ செதுக்கியிருக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே விடை சொல்வோம்?

பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் இடையே உள்ள இந்தத் தொலைவைக் கடக்க உதவும் எளிய கலை ஒன்று உண்டு. அது வாசல்களை நீர்வண்ணத்தில் வரைவது. அதற்குப் பெரிய வண்ணப்பெட்டி வேண்டாம். மூன்றே மூன்று வண்ணங்கள் போதும். மதரஸாவில் ஓதிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவனாயினும், கல்லூரியில் வரலாறு பயின்ற நாள்முதல் இக்கலையில் எனக்கு ஈடுபாடு உண்டு. விடுமுறைக் காலங்களில் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்த அனுபவத்தில், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்னும் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

உவரி தரும் வண்ணப்பெட்டி

நெல்லை மாவட்டத்துக் கடற்கரையில் திசையன்விளைக்கு அருகே அமைந்த ஊர் உவரி. கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட கப்பல் மாதா ஆலயமும், புனித அந்தோணியார் திருத்தலமும், கடலை ஒட்டிய சுயம்புலிங்க சுவாமி கோயிலும் இவ்வூரை வெளியூர் மக்களுக்கு அறிமுகப்படுத்துகின்றன. ‘கொற்கை’ என்னும் நாவலுக்காக 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குரூஸ் பிறந்த ஊரும் இதுவே.

வண்ணம் தீட்டுபவன் கண்ணுக்கு உவரி வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. தென்கிழக்கே நீலக்கடல். கரையில் வெளிர்மஞ்சள் மணல். உள்ளே சென்றால் பனைமரங்கள். வடக்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனால் செக்கச்சிவந்த தேரிக்காடு. நீலம், மண்மஞ்சள், செம்பழுப்பு ஆகிய இந்த மூன்றுமே நாம் வாங்க வேண்டிய மூன்று வண்ணங்கள். கடைக்காரரிடம் அல்ட்ராமரின், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா என்று கேட்டால் தருவார்கள். நான்காவது வண்ணமாகிய வெண்மையைக் காகிதமே தந்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு வேறு வெள்ளை தேவையில்லை.

மார்க்கம் தடுக்கிறதா?

மேலே படிக்குமுன் சில பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். ‘ஓதும் பிள்ளை ஓவியம் வரையலாமா?’ இது நியாயமான கேள்வி. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றிக் கடுமையான எச்சரிக்கைகள் நபிமொழிகளில் உள்ளன. அவற்றின் எல்லை எது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகளும் உள்ளன. ஆனால் உயிரற்றவற்றின் நிலை வேறு. உருவங்கள் செய்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. பெரும்பான்மையான அறிஞர்கள் இதையே ஏற்றுள்ளனர். கதவும் நிலையும் படியும் சுவரும் உயிரற்றவை. எனவே கையில் தூரிகை எடுக்க விரும்பும் பிள்ளையை முற்றிலும் தடுத்து மனம் நோகச் செய்வதைவிட, வாசலின் முன் உட்காரவைப்பது நல்வழி.

மூன்று மட்டும் ஏன்?

முப்பத்தாறு வண்ணங்கள் கொண்ட பெட்டியை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை மகிழும். ஆனால் கலக்கக் கற்காது. பச்சை வேண்டுமென்றால் பச்சைக் கட்டியைத் தொடும், கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பைத் தொடும். முடிவில் படத்தில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே நின்று சண்டையிடும். மூன்றே வண்ணங்களில் வரைந்த படத்தில் எல்லா நிறங்களும் உடன்பிறந்தவை போல ஒத்துப்போகும். ஏனெனில் எல்லாவற்றிலும் அந்த மூன்றின் சாயலே ஓடுகிறது.

கலவைகள் எளியவை. செம்பழுப்பும் நீலமும் ஒன்றுக்கொன்று எதிர்த்தன்மை உடையவை. எனவே அவை சேரும்போது ஒன்றின் பளிச்சை மற்றொன்று அடக்கிச் சாம்பல் நிறம் பிறக்கும். நீலம் மிகுந்தால் குளிர்ந்த சாம்பல். சுவரில் விழும் நிழலுக்கு அது பொருந்தும். செம்பழுப்பு மிகுந்தால் பழைய மரத்தின் நிறம். இரண்டையும் நீர் குறைத்து அடர்த்தியாகக் கலந்தால் கறுப்பை ஒத்த ஆழ்நிறம் கிடைக்கும். நீலமும் மண்மஞ்சளும் சேர்ந்தால் பனையோலையின் மங்கிய பச்சை. மஞ்சளும் செம்பழுப்பும் சேர்ந்தால் வெயில் பட்ட பலகையின் நிறம்.

இவ்வண்ணங்களின் பிறப்பையும் சற்று அறிந்துகொள்வோம். மண்மஞ்சளும் செம்பழுப்பும் இரும்பின் பிள்ளைகள். நீர்மம் கலந்த இரும்பு ஆக்ஸைடு மஞ்சளாக இருக்கும். அதைச் சூடாக்கினால் நீர் வெளியேறிச் சிவப்பாகும். இத்தாலியின் சியன்னா மண்ணை வறுத்துச் செம்பழுப்பு வண்ணம் செய்ததும் இந்த முறையில்தான். செங்கல் சூளையில் மண் சிவப்பதற்கும், தேரி மணலின் செந்நிறத்திற்கும் காரணம் அதே இரும்பு ஆக்ஸைடுதான்.

நீலத்தின் வரலாறு நெடியது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் லாஜவர்து என்னும் நீலக்கல்லை அரைத்தே பழங்காலத்தில் அல்ட்ராமரின் செய்தனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதே அப்பெயரின் பொருள். ஐரோப்பாவில் அது பொன்னுக்கு இணையான விலை பெற்றது. 1820-களில் பிரான்சில் செயற்கை முறையில் அதைச் செய்யும் வழி கண்டறியப்பட்டபின் ஏழைக்கும் எட்டியது. நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலப்பொடியும், சுண்ணாம்பில் கலந்து சுவருக்கு அடித்த நீலமும் இந்தச் செயற்கை அல்ட்ராமரினே. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு. ஆகையால்தான் அச்சுவர்கள் பல ஆண்டுகள் நிறம் மாறாமல் நின்றன. இப்போது விற்கும் சொட்டு நீலம் வேறுவகைச் சாயம். அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காகிதமும் கருவிகளும்

நீர்வண்ணத்திற்குத் தடித்த காகிதம் தேவை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது நலம்; மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலையலையாகச் சுருளும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் போன்ற உள்நாட்டுத் தாள்களும் பயன்படும். வாங்குமுன் ஒரு மூலையில் நீர்விட்டு, மை ஊறிப் பரவுவதுபோல் வண்ணம் பரவுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். காகிதக் கலை சீனத்தில் பிறந்து, கி.பி. எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்து, பக்தாத் நகரங்களுக்கு வந்து, முஸ்லிம்களின் ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தாளைத் தொடும் விரலில் ஒரு மரியாதை பிறக்கும்.

எட்டாம் எண் வட்டத் தூரிகை ஒன்று, நுனி கூரிய சிறிய தூரிகை ஒன்று, பென்சில், இரண்டு குவளை நீர், பழைய பருத்தித்துணி. இவ்வளவே கருவிகள். ஒரு குவளை நீர் தூரிகை கழுவ; மற்றொன்று வண்ணம் கலக்க.

வரையும் முறை

முதலில் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உவரி போன்ற கடற்கரை ஊர்களில் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை வெயில் சாய்வாக விழும். நிலையின் ஆழமும் கதவின் செதுக்கலும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். உச்சிப்பொழுதில் எல்லாம் தட்டையாகிவிடும். சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. நிழலும் உடன் நகரும். ஆகவே நிழல் எங்கே விழுகிறது என்பதை முதலிலேயே பென்சிலால் குறித்துவிட்டு, பின்பு அது எங்கே போனாலும் பொருட்படுத்தாதீர்கள். பாதிப் படத்தில் ஏழு மணி நிழலும் மீதியில் ஒன்பது மணி நிழலும் இருந்தால் பார்ப்பவர் கண் குழம்பும்.

அடுத்து அளவு. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலால் வாசலின் அகலத்தை அளந்து, உயரத்தில் அது எத்தனை மடங்கு என்று பாருங்கள். பெரும்பாலான வாசல்கள் ஏறத்தாழ இரு மடங்கு உயரமே உடையவை. பிள்ளைகளோ மூன்று மடங்காக வரைந்துவிடுவார்கள். உங்கள் கண்மட்டம் எங்கே என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது, கண்மட்டத்துக்கு மேலுள்ள கோடுகள் தொலைவில் செல்லச்செல்லத் தாழும், கீழுள்ளவை உயரும். இவ்வொரு விதியை மனத்தில் நிறுத்தினால் படி, நிலை, மேற்கட்டை எல்லாம் தத்தம் இடத்தில் அமரும்.

இனி வண்ணம். நீர்வண்ணத்தில் வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்திற்குச் செல்ல வேண்டும். பூசியதை அழித்து வெண்மையை மீட்பது கடினம். ஆகவே வெயில் பட்ட சுவர்ப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கதவு முழுவதும் மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த இளநிறத்தை ஒரே வீச்சில் பூசுங்கள். காய்ந்தபின் நிழற்பகுதிகளுக்கு நீலச் சாம்பல். ஈரத்தில் அடர்த்தியாகத் தோன்றும் நிறம் காய்ந்ததும் வெளிறும். அதனால் நினைத்ததைவிட ஒரு படி கூடுதலாகவே கலந்துகொள்ளுங்கள். கடற்காற்றும் வெயிலும் சேர்ந்தால் தூரிகை தாளில் இருக்கும்போதே வண்ணம் காய்ந்து ஓரம் கட்டும். நிழலில் உட்காருவது தலைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

கதவின் இரேகைகளுக்குத் தூரிகையின் ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, பாதி உலர்ந்த நிலையில் தாளின் மேல் லேசாக இழுங்கள். உப்புக்காற்றில் அரித்த பலகையின் சொரசொரப்பு தானே வந்துவிடும். கொண்டி, நாதாங்கி, துரு வழிந்த கறை இவற்றுக்குத் துளிச் செம்பழுப்பு போதும்.

மிகக் கடினமானது திறந்த கதவின் உள்ளிருள். அதற்குக் கடையில் விற்கும் கறுப்பைப் பூசினால் சுவரில் ஒட்டிய தகடுபோல் நிற்கும். உள்ளே ஒரு வீடு இருப்பதாகத் தோன்றாது. செம்பழுப்பையும் நீலத்தையும் தாளின் மேலேயே ஈரத்தோடு ஈரமாகச் சேரவிடுங்கள். தரைப்பக்கம் செம்பழுப்பு சற்று மிகட்டும். வெயில் தரையில் பட்டு உள்ளே சிதறுவதால் அங்கே வெதுவெதுப்பான ஒளி இருக்கும். பூசிய பின் தொடாதீர்கள். திருத்தத் திருத்த இருள் சேறாகும். பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது, ‘போதும் என்று கையை எடுப்பதும் கலைதான்.’

முன்னே சென்றவர்கள்

1792-இல் தாமஸ் டேனியல், அவர் உறவினர் வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர்கள் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்து நெல்லைச் சீமைக்கும் வந்தனர். வழிநெடுகப் பென்சிலாலும் மெல்லிய நீர்வண்ணப் பூச்சாலும் குறித்துக்கொண்ட காட்சிகளைப் பின்னர் இலண்டனில் ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருந்தொகுதியாக அச்சிட்டனர். நம் பாபநாச அருவியும் அதில் இடம்பெற்றது. அக்காலத்து அத்தகைய அச்சுப்படங்களைப் பெரும்பாலும் ஓரிரு மைகளில் அச்சிட்டு, பின்பு கையால் வண்ணமிடுவர். குறைந்த நிறத்தில் நிறைந்த ஒளியைக் காட்டும் திறனை அவற்றில் காணலாம்.

இங்கிலாந்தின் ஜான் செல் காட்மன் 1803-இல், இருபத்தொரு வயதில், ரீவோ என்னும் சிதைந்த மடாலயத்தின் உணவுக்கூட வாசலை நீர்வண்ணத்தில் வரைந்தார். அடக்கமான சில நிறங்களைத் தட்டையாகப் பூசியே கல்லின் கனத்தை உணர்த்துவது அவர் முறை. 1832-இல் மொராக்கோ சென்ற பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா, மெக்னஸ் நகரத்துக் கோட்டை வாயில்களையும் சுவர்களையும் குறிப்பேடுகளில் நீர்வண்ணத்தால் குறித்துவந்தார். 1845-இல் அவர் தீட்டிய மொராக்கோ சுல்தானின் பெரிய ஓவியத்துக்கு அந்தப் பயணக் குறிப்புகளே அடிப்படை.

நம் நாட்டுக்கு வருவோம். ‘சில்பி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த ஓவியர், கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் எதிரிலேயே அமர்ந்து வரைந்தார். மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போன நிலையிலும், மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் கறுப்பு மையால் நுணுகி நுணுகி வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022-இல் மறைந்தார். மூன்று வண்ணம் குறைவு என்று முணுமுணுக்கும் பிள்ளைக்கு, ஒரே நிறத்தில் ஒரு நகரத்தையே காத்துவைத்த இம்மனிதரின் கதையைச் சொல்லுங்கள்.

வாசலின் முன் ஓர் ஒழுக்கம்

வாசலை வரைபவன் பிறர் வீட்டின் முன் நிற்கிறான். அங்கேதான் உண்மையான சோதனை. பிறர் வீட்டில் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்பது அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும், திரை இல்லாத அக்காலத்து வாசல்களுக்கு நேரெதிரே நில்லாமல் வலமோ இடமோ ஒதுங்கி நிற்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம் என்பதும் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம். தூரிகையோடு செல்பவனுக்கும் இதே பாடம் பொருந்தும்.

காயல்பட்டினத்துக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: அங்கே தெருவாசல் ஒன்று, பெண்கள் புழங்கும் முடுக்கு வேறு. அந்த முடுக்கின் வாசல்கள் எவ்வளவு அழகாயிருந்தாலும் அயலான் அமர்ந்து வரைவதற்கு உரியவை அல்ல. உவரியிலும், மணப்பாட்டிலும், எந்த ஊரிலும், எந்தச் சமயத்தார் வீடாயினும், முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். மறுத்தால் புன்னகையோடு நகருங்கள். இசைந்தால் ஒதுங்கிப் பக்கவாட்டில் அமருங்கள். உள்ளே இருப்பவர்களை எட்டிப் பார்க்காதீர்கள். இதில் கலைக்கும் ஆதாயம் உண்டு. நேரெதிரே பார்த்தால் வாசல் ஒரு செவ்வகம் மட்டுமே. பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் சுவரின் தடிமனும், நிலையின் ஆழமும், தேய்ந்த படியின் குழிவும் தெரியும்.

படம் முடிந்ததும் வீட்டாரிடம் காட்டுங்கள். தம் வாசலை வெயிலும் நிழலுமாகத் தாளில் கண்டதும், ‘இந்த நிலை எங்கள் அப்பா காலத்தது’ என்று பேச்சைத் தொடங்காதவர் குறைவு. மொழியும் மதமும் வேறாயினும், வாசலைப் பற்றிப் பேச எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது.

ஏன் இப்போதே?

கடற்கரை ஊர்களில் பழைய வாசல்கள் விரைவாக மறைந்துவருகின்றன. உப்புக்காற்று கீல்களை அரிக்கிறது. கறையான் நிலைக்கால்களைத் தின்கிறது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரங்களில் கான்கிரீட் வீடுகள் பெருகின. இரும்புக் கதவு உறுதியானது, பாதுகாப்பானது. அதைத் தேர்ந்துகொள்ளும் குடும்பத்தைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. பங்கு பிரிக்கும்போது பழைய வீடு இடிபடுவதும் உலக வழக்கமே. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் தேக்குக் கதவுகளைப் பாருங்கள். எந்த வீட்டு நிலை, யார் செதுக்கியது என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. மரம் விலைபோகிறது; அதன் வரலாறு வழியில் உதிர்ந்துவிடுகிறது.

எல்லாக் கதவுகளையும் நம்மால் காக்க இயலாது. ஆனால் ஒரு பிள்ளை ஒரு கதவைத் தாளில் காக்க இயலும். புகைப்படம் நொடியில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஒரு வாசலின் முன் அமர்ந்து வரைந்த பிள்ளை அதை வாழ்நாள் முழுதும் மறக்காது. படத்தின் பின்புறம் பென்சிலால் ஊர், தேதி, மரம் தேக்கா பூவரசா வேம்பா, தெரிந்தால் தச்சரின் ஊர், நிலை வைத்த ஆண்டு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். வீட்டார் இசைந்தால் மட்டும் வீட்டின் பெயரையும் எழுதலாம். இருபது தாள் சேர்ந்தால் அது ஒரு தெருவின் வரலாறு.

வாசகர்களே! வரும் விடுமுறையில் பிள்ளைகளுக்கு மூன்று டியூப் வண்ணங்கள் வாங்கிக் கொடுங்கள். முதல் படத்துக்காக உவரிக்கோ காயலுக்கோ போக வேண்டியதில்லை. உங்கள் வாப்பாவோ உம்மும்மாவோ இருக்கும் வீட்டு வாசலில் இருந்தே தொடங்கலாம். அந்தக் கதவைப் பற்றிச் சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே, பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, ஓர் ஓரமாகத் தாளை விரியுங்கள். நிறங்களைப் பிள்ளை கலக்கட்டும். கதையை அவர்கள் சொல்லட்டும். இன்ஷா அல்லாஹ், அந்த நிலை ஒருநாள் பெயர்க்கப்பட்டாலும், அதன் வழியே நடந்தவர்களின் நினைவு உங்கள் வீட்டிலேயே தங்கும்.